அரை மணிக்குள் எண்ண வேண்டும்

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

“உங்க வீட்டுப் பிள்ளைன்னா குடுப்பீங்களா, டீச்சர்?”

போன வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துச் சுகாதார அறையில் ஒரு தாய் என்னைக் கேட்ட கேள்வி இது. முப்பத்தாறு வருஷம் மற்றவர்களைக் கேள்வி கேட்டே சம்பளம் வாங்கியவள் நான். அன்று கேள்வி என் பக்கம் திரும்பியது. கேட்டவள் தையல்காரி. ஒரு காலத்தில் என்னிடம் படித்தவள்தான். அவள் மகளைத்தான் வகுப்பில் எல்லோரும் சுண்டெலி என்று கூப்பிடுகிறார்கள். ஒன்பது வயது, ஆறு வயதுக்கான உடம்பு.

நான் நலம். உன் முட்டி வலி எப்படி? மாடிப்படி ஏறுவதைக் குறைத்தாயா?

நீ கேட்டபடி நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்கும் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கியாகிவிட்டது. ஆறு வாரம் பூச்சிக்கு உன் ஆய்வகத்து இலைச்சாறு, அதுவரை நர்சம்மா வருஷா வருஷம் கொடுக்கும் பூச்சி மாத்திரை இந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் கிடையாது என்று ஒவ்வொரு வீட்டிலும் விளக்கமாகச் சொன்னேன். தையல்காரி காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் அப்படிக் கேட்டாள். “குடுப்பேன்” என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னது சரிதானே?

பூச்சி முட்டைகளின் முதல் எண்ணிக்கையும் முடிந்தது. நீ காட்டிக்கொடுத்தபடியே செய்தேன்: மலத்தைச் சல்லடையில் தேய்த்து, கண்ணாடித் தகட்டில் வைத்து, கிளிசரினில் ஊறிய தாளால் மூடி அழுத்தி, அரை மணிக்குள் மைக்ராஸ்கோப்பில் எண்ணினேன். நேரம் தாண்டினால் கொக்கிப்புழு முட்டை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும் என்று நீ நாலு தடவை சொன்னாய். ஒரு தடவை போதாதா எனக்கு? கண்ணாடித் துண்டைத் தண்ணீரில் போட்டால் மறைந்துவிடுகிறதே, அதுபோல. இருக்கும், தெரியாது. சுண்டெலியின் தகட்டில் நூற்று இருபத்தாறு.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா

ஜனவரி 25

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். முட்டி அப்படியேதான் இருக்கிறது. மாடிப்படியும் அப்படியேதான் இருக்கிறது. இரண்டில் எது முதலில் விட்டுக்கொடுக்கிறது என்று பார்க்கிறேன்.

நீ சொன்ன பதில் நூற்றுக்கு நூறு சரி. என் பேத்திக்கே கொடுப்பேன் என்று அந்த அம்மாவிடம் சொல். ஒப்பிட்டுப் பார்க்க, சாறு குடிக்காத இன்னொரு கூட்டம் வேண்டாமா என்று நீ கேட்பாய், தெரியும். இது முதல் கட்டம். முன்னும் பின்னும் எண்ணினால் போதும் என்று ஆய்வுக் குழுவே ஒப்புக்கொண்டிருக்கிறது.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். இது முப்பத்தொன்றாவது இலை. இருபத்தெட்டு வருஷத்தில் முப்பது இலைகளை இடித்து, வடித்து, காய்ச்சிப் பார்த்தாயிற்று. சில ஆய்வகத் தட்டிலேயே தோற்றன. சில தட்டில் புழுவைக் கொன்று, வயிற்றுக்குள் போனதும் சும்மா இருந்துவிட்டன. ஜூன் முப்பதில் எனக்கு ஓய்வு. அதற்குப் பிறகு இந்தப் பிரிவையே மூடிவிடுவார்கள். முப்பத்தொன்று தட்டில் அருமையாக வேலை செய்கிறது அக்கா. இருபது நிமிஷத்தில் புழு அசைவு நின்றுவிடுகிறது.

கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்களா? தள்ளிப் போடாதே.

உன் தம்பி

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

நலம். வலது கண் ஆபரேஷன் பிப்ரவரி பதினைந்தில் முடிந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நடந்தால் பிள்ளைகள் என்னைத் துப்பறிபவர் என்கிறார்கள். இடது கண் எப்போதும்போல் கூர்மையாக இருக்கிறது.

ஆறு வாரமும் ஒரு வேளை தவறாமல் சாறு கொடுத்தாயிற்று. நான் இல்லாத ஏழு நாளும் நர்சம்மா நின்று கொடுத்தார். கசப்பைப் பற்றி நீ கொஞ்சம் யோசித்திருக்கலாம். “டீச்சர், பூச்சி சாகுதோ இல்லையோ, நாங்க செத்துடுவோம்” என்கிறான் ஒருவன். சுண்டெலி மட்டும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் குடித்துவிட்டு, டம்ளரைக் கவிழ்த்துக் காட்டுவாள்.

மாத்திரை நாளில்தான் மனசு கொஞ்சம் சங்கடப்பட்டது. மற்ற பிள்ளைகள் வரிசையில் நின்று மாத்திரையை மென்றார்கள். நம் நாற்பத்திரண்டு பேரும் சுவரோரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நர்சம்மா என்னைப் பார்த்து, “உங்க தம்பிக்காகத்தான் சும்மா இருக்கேன், டீச்சர். எனக்கென்னவோ இது பிடிக்கல” என்றார். உன்னை நம்பலாம் என்று சொன்னேன்.

அடுத்த வாரம் இரண்டாவது எண்ணிக்கை. ஒரு கண் போதும், நானே எண்ணிவிடுவேன்.

உன் அக்கா

மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

கண்ணில் இப்போதுதான் கத்தி வைத்திருக்கிறார்கள், அதற்குள் மைக்ராஸ்கோப்பா? வேண்டவே வேண்டாம். உனக்கு ஏதாவது ஆனால் என்னை நானே மன்னிக்க மாட்டேன். நீ தகடுகளை மட்டும் தயார் செய்து பெட்டியில் அடுக்கி வை. வியாழக்கிழமை காலை ஆய்வக வண்டி வரும். இங்கே வந்ததும் எங்கள் ஆய்வகத்துப் பெண் எண்ணிக்கொள்வாள்.

கண்தான் முக்கியம். எண்ணிக்கை எங்கே போகிறது?

உன் தம்பி

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. நாற்பத்திரண்டில் முப்பத்தேழு பேருக்குச் சைபர். மீதி ஐந்து பேருக்கும் ஒன்று, இரண்டு, அவ்வளவுதான்.

குழுக் கூட்டத்தில் நான் எண்களைப் படித்து முடித்ததும் தலைவர் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். ஜூலை முதல் தேதியிலிருந்து பதினோரு பள்ளிகளில் மாத்திரைக்குப் பதிலாக நம் சாறுதான். அறிக்கையில் உனக்கு நன்றி சொல்லி ஒரு வரி எழுதியிருக்கிறேன்.

கண் நலம்தானே? சொட்டு மருந்தை விடாமல் போடு.

உன் தம்பி

ஏப்ரல் 11

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அம்மா இருந்திருந்தால் தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொல்லியிருப்பாள். அவளுக்குப் பதிலாக நானே சொல்லிவிட்டேன். நாற்பத்திரண்டு வீட்டுக்கும் போய், பூச்சி போய்விட்டது, இனிப் பயமில்லை என்றேன். தையல்காரி மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்று கும்பிட்டாள்.

நீ என்னிடம் ஒரு விஷயத்தை மறைத்திருக்கிறாய் என்று நர்சம்மாவிடம் சொன்னேன். “என்ன?” என்று பதறினார். “அவன் இவ்வளவு கெட்டிக்காரன் என்பதைத்தான்” என்றேன். சிரித்தார்.

ஒரே ஒரு சின்ன விஷயம். நேற்று காலை வரிசையில் நிற்கும்போது சுண்டெலி மயங்கி விழுந்தாள். பூச்சி உறிஞ்சிய ரத்தம் ஊற நாளாகும் என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் அவள் தகட்டில் என்ன எண் வந்தது என்று மட்டும் பார்த்து எழுது. ஒரு வரி போதும்.

உன் அக்கா

மே 9

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். இங்கே அனைவரும் சௌக்கியம், உங்கள் தம்பியைத் தவிர. அவருக்கு வேலை, வேலை, வேலை. உங்கள் கடிதம் வந்து மேஜைமேல் கிடக்கிறது. பதில் எழுதினீர்களா என்று கேட்டால் எழுதுகிறேன் என்கிறார். அதனால் நானே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மகள் பேத்தியோடு வந்திருக்கிறாள். மருமகனுக்கு வெளியூரில் வேலை மாற்றம். இந்த ஒரு வருஷம் பேத்திக்கு இங்கேயே பள்ளிக்கூடம். வந்த இடத்தில் குழந்தைக்கு ஒரே வயிற்று வலி. பார்த்தால் பூச்சி. உங்கள் தம்பி அன்றைக்கே கடைக்குப் போய் மாத்திரை வாங்கிவந்து மென்று தின்னக் கொடுத்தார். இரண்டு வாரம் கழித்துப் பரிசோதித்தார், ஒன்றுமில்லை. இப்போது வீட்டை இரண்டாக்குகிறது.

“உங்க சாறு ரெண்டு பாட்டில் வீட்டிலேயே இருக்கே, அதைக் கொடுக்கலாமே. ஊரெல்லாம் பேசுது” என்று நான் கேலி பண்ணினேன். என்ன சொன்னேன் என்று இவ்வளவு கோபம்? “உன் வேலையைப் பாரு” என்று எழுந்து போய்விட்டார். ஓய்வு பெறும் கவலை போலிருக்கிறது. நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் கேட்பார்.

கண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி மனைவி

மே 20

தம்பிக்கு,

நலம். உனக்கு வேலை, வேலை என்று உன் மனைவியின் கடிதத்தில் தெரிந்துகொண்டேன். பேத்திக்கு வயிற்று வலி போனது குறித்து உண்மையிலேயே சந்தோஷம். என் பேத்திக்கே கொடுப்பேன் என்று நீ எழுதிய ஜனவரிக் கடிதத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கோடை விடுமுறையிலும் பத்தொன்பது பிள்ளைகள் கிடைத்தார்கள். மாதிரி வாங்கி, தகடு செய்து, ஆறிப்போன வலது கண்ணும் ஆபரேஷன் ஆகாத இடது கண்ணுமாக அரை மணிக்குள் எண்ணினேன். பதினேழு பேருக்கு முட்டை இருக்கிறது. ஜனவரியில் இருந்த அளவுக்கு அநேகமாக அப்படியே இருக்கிறது. சுண்டெலிக்கு நூற்று முப்பத்தொன்று.

மறுபடி பூச்சி பிடித்திருக்கலாமே என்று நீ சொல்வாய். நானும் அதைத்தான் நினைக்க ஆசைப்பட்டேன். அதனால் அதே தகடுகளை மேஜைமேலேயே விட்டுவிட்டு, உன் வண்டி இங்கிருந்து அங்கே வந்துசேர எவ்வளவு நேரமாகும் என்று யோசித்தேன். மூன்று மணி நேரம். மூன்று மணி நேரம் காத்திருந்தேன். மறுபடி பார்த்தேன். பதினேழு தகட்டில் பதினாலு காலி. சுண்டெலியின் தகட்டில் ஒன்றுகூட இல்லை. கண்ணாடி மட்டும் பளிச்சென்று இருக்கிறது.

ஜனவரியில் அரை மணியில் எண்ணினோம். மார்ச்சில் மூன்று மணி கழித்து எண்ணினாய். நடுவில் கொடுத்த சாறு என்ன செய்தது என்று இந்த இரண்டு எண்ணையும் வைத்து எப்படிச் சொல்வது? காலையில் வெறும் காலோடும், மாலையில் செருப்போடும் ஒரு பிள்ளையின் உயரத்தை அளந்துவிட்டு, ஒரே நாளில் வளர்ந்துவிட்டான் என்று சொல்வதைப் போல இருக்கிறது.

பெட்டியை வண்டியில் ஏற்றியபோது, நீ பார்த்துக்கொள்வாய் என்று நானும் நேரத்தை யோசிக்கவில்லை. இந்த விதியை எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நீ. நாலு தடவை.

மார்ச் எட்டாம் தேதிக் கடிதத்தை எடுத்து வைத்திருக்கிறேன். “கண்தான் முக்கியம்” என்று எழுதியிருக்கிறாய். அன்று அதைப் படித்து எனக்கு அழுகை வந்தது, தெரியுமா? இந்த வயதில் நம்மை இப்படி விசாரிக்க ஒருவன் இருக்கிறானே என்று. நீ என் கண்ணை விசாரித்தாயா, இல்லை, அதை எண்ணிக்கையிலிருந்து அப்புறப்படுத்தினாயா என்று இப்போது கேட்க வேண்டியிருக்கிறது.

ஜூலை முதல் தேதி பதினோரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சுவரோரம் நிற்கப் போகிறார்கள். நீயே குழுவிடம் போய்ச் சொல். உன் வாயால் சொல்வதுதான் மரியாதை.

அக்கா

ஜூன் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு சுமார்தான். பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னித்துவிடு.

முதலில் ஒன்று. உன் கண்ணைப் பற்றி எழுதியபோது உன் கண்ணைப் பற்றித்தான் நினைத்தேன். இதையாவது நம்பு. வண்டி வந்து பெட்டியைத் திறந்ததும் எங்கள் ஆய்வகத்துப் பெண், “சார், நேரம் தாண்டிடுச்சே. திருப்பி எடுக்கச் சொல்லலாமா?” என்று கேட்டாள். “பரவாயில்ல, பாரும்மா” என்றேன். அந்த ஒரு வார்த்தைதான். அவள் வரிசையாகச் சைபர், சைபர் என்று வாசித்தாள். நான் எழுதிக்கொண்டே போனேன். பத்தாவது சைபரில் பேனாவை ஒரு தடவை கீழே வைத்து எடுத்தேன். இருபதாவது சைபரில் உண்மையிலேயே சாறு வேலை செய்துவிட்டது என்று நம்பிவிட்டேன். நான் பொய் எழுதவில்லை அக்கா. சைபரைச் சைபர் என்றுதான் எழுதினேன்.

பேத்தி விஷயம் வேறு. வீட்டுக் குழந்தையை வைத்து யாராவது ஆராய்ச்சி செய்வார்களா?

ஜூன் முப்பது வரை பொறு. இருபத்தெட்டு வருஷத்துக்கு ஒரு மாலையும், நாலு பேர் கைதட்டலும். அது முடிந்ததும் நானே எழுதி, மறுபரிசோதனை வேண்டும் என்று கேட்கிறேன். ஒரு சுற்றுச் சாறு குடித்தால் யாரும் செத்துவிட மாட்டார்கள். நீ எனக்காக இதைக்கூடச் செய்ய மாட்டாயா?

உன் தம்பி

ஜூன் 10

மதிப்பிற்குரிய குழுத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். முப்பத்தொன்றாம் எண் இலைச்சாற்றின் பரிசோதனையில் பிள்ளைகளுக்குச் சாறு கொடுத்தவளும், முதல் எண்ணிக்கையை எடுத்தவளும் நான். முதல் எண்ணிக்கை அரை மணி நேரத்துக்குள்ளும், இரண்டாவது மூன்று மணி நேரத்துக்குப் பிறகும் எடுக்கப்பட்டவை. ஒரே தகட்டை இரண்டு நேரங்களிலும் எண்ணிய என் குறிப்பேட்டின் நகலை இணைத்திருக்கிறேன். ஆய்வை நடத்தியவர் என் தம்பி. அதையும் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பதினோரு பள்ளிகளிலும் மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை

ஜூன் 21

அண்ணிக்கு,

வணக்கம். நீங்கள் சுகமாகத்தான் இருப்பீர்கள்.

விழா இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் தன் அறையைக் காலி செய்து நாலு அட்டைப் பெட்டிகளோடு மதியமே வந்துவிட்டார். பேத்தி, “தாத்தா, பெட்டியில என்ன?” என்று கேட்டதற்கு, “இலை” என்றார்.

குழந்தைக்கு மாத்திரை கொடுத்ததை நான் எதற்காக எழுதினேன்? நாலு வார்த்தை பேசத்தான். நீங்கள் அதைச் சாட்சியாக்கிவிட்டீர்கள். உங்களுக்கு எழுதும்போது நான் யோசித்து எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியாது. இனி எழுத மாட்டேன்.

தம்பி மனைவி

ஜூலை 20

தம்பிக்கு,

உன் முட்டி எப்படி இருக்கிறது? எழுத உட்கார்ந்ததும் கை தானாக இதைத்தான் எழுதுகிறது. அடிக்க மனம் வரவில்லை.

பதினோரு பள்ளிக்கூடங்களிலும் மாத்திரையே தொடர்கிறது என்று தலைவர் எழுதியிருக்கிறார். சாற்றை முறையாக மறுபடி பரிசோதிப்பார்களாம். உன் மனைவியிடம் சொல்: அவள் கடிதத்தை நான் யாருக்கும் காட்டவில்லை. அனுப்பியது என் குறிப்பேடு மட்டும்தான். ஆனாலும் அவள் கோபம் நியாயம்தான். அவள் எழுதியிருக்காவிட்டால் நான் எண்ணியிருக்க மாட்டேன்.

உனக்குக் கடிதம் போட்ட மறுநாள், மே இருபத்தொன்றாம் தேதி, மறுபடி நாற்பத்திரண்டு வீடும் ஏறினேன். ஏப்ரலில் பூச்சி போய்விட்டது என்று சொன்ன அதே வாசல்கள். சிலர் திட்டினார்கள். ஒருவர் என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார். அதெல்லாம் தாங்கக்கூடியதாகத்தான் இருந்தது. தையல்காரி மெஷினை நிறுத்தவில்லை. ஓட்டிக்கொண்டே கேட்டாள்.

“அப்ப நாலு மாசம் என் பிள்ளை வயித்துல பூச்சியோடதான் இருந்தாளா?”

“ஆமாம்மா.”

“அன்னிக்கு மாத்திரை போட்டிருந்தா போயிருக்குமா?”

“பெரும்பாலும் போயிருக்கும்.”

“உங்க தம்பி என்னைக் கேட்கவே இல்ல, டீச்சர். அவரு யாருன்னே எனக்குத் தெரியாது. எனக்கு அவரு மேல கோபம் வர மாட்டேங்குது, பாருங்க” என்றாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “நீங்க குடுப்பேன்னு சொன்னீங்க. அதான்.”

அடுத்த துணியை எடுத்து மெஷினில் வைத்தாள். நான் கொஞ்ச நேரம் நின்றேன். உட்காரச் சொல்லவில்லை. திரும்பி வந்தேன். என்னிடம் படித்த பிள்ளை அவள். தெருவில் எதிரே வந்தால் இப்போதும் கும்பிடுகிறாள். கும்பிட்டுவிட்டு மகளைத் தன் மறுபக்கத்துக்கு மாற்றிக்கொள்கிறாள்.

நீ என்னை ஏமாற்றினாய் என்று எழுதத்தான் காகிதத்தை எடுத்தேன். ஆனால் அந்த வீட்டுக்கு ஏமாற்றத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தவள் நான். உனக்கு அங்கே முகம் கிடையாது. என் முகத்தைத்தான் நீ பயன்படுத்தியிருக்கிறாய்.

நர்சம்மா மறுவாரமே வீடு வீடாகப் போய் நாற்பத்திரண்டு பேருக்கும் மாத்திரையும், ரத்தம் ஊற இரும்புச் சத்து மாத்திரையும் கொடுத்தார். “சொன்னேனே” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ரத்தம் ஊறுகிறதா என்று பார்க்க எனக்கு ஒரு வழி காட்டிக்கொடுத்தார். அதற்கு மைக்ராஸ்கோப் வேண்டாம், கிளிசரின் வேண்டாம், வண்டி வேண்டாம். திங்கள்தோறும் பிள்ளைகளைப் பார்த்து எழுதி வருகிறேன். சுண்டெலிக்குக் கீழ் இமைக்குள் இன்னும் வெளுப்புதான். ஓரத்தில் மெல்லிசாக ஒரு கோடு சிவந்திருக்கிறது.

விளக்கம் எதுவும் எழுதி அனுப்பாதே. நாளைக் காலையில் பேத்தியை ஜன்னலோரம் வெளிச்சத்தில் உட்கார வை. கையைக் கழுவிக்கொண்டு, அவள் கீழ் இமையைக் கட்டைவிரலால் மெல்லக் கீழே இழுத்து, உள்பக்கம் என்ன நிறம் என்று பார்.